நானூறு கணினிக்கு ஒரே நல்ல நேரம்

கணினியை எப்படி இயக்குவது என்று உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எப்படி அணைப்பது என்று ஒருவரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கட்டிடப் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான். அலுவலகத்தின் மின்சாரம், ஏசி, யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது நம் வேலை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நம் முகம் தெரியாது. கரண்ட் போனால் மட்டும் பெயர் ஞாபகம் வரும். அதற்காக மனம் நோகாதீர்கள். நான் நொந்து பார்த்தாயிற்று, ஒரு பயனும் இல்லை.

என்னைப் பற்றி நாலு வரி. புனேவுக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் மெக்கானிக். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று வளர்ந்ததால் எனக்குக் கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டுத் தொண்ணூறுகளில் வேலைக்குப் போனேன். ஒரு பெண் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மின் பேனல் அறைக்குள் போவதை நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. டாங் டெஸ்டர் தெரியும் அல்லவா? ஒயரைக் கிடுக்கி மாதிரிக் கவ்வி, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் கருவி. இனி உங்கள் பையில் சாப்பாட்டு டப்பா இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும்.

இதில் நான் பெருமை பேசுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் என் மூக்கு உடைந்த கதை.

முதல் வேலை நகரத்துக்குள் இருந்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். முப்பது கணினிகள் இருந்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வழி சொல் என்றார் முதலாளி. எனக்கு உடனே பொறி தட்டியது. கணினிக்குள்ளேயே 'ஸ்க்ரீன் சேவர்' என்று ஒன்று இருக்கிறது, சேவர் என்றால் சேமிப்பதுதானே, இது போய்த் தெரியவில்லையா இவர்களுக்கு என்று நினைத்தேன். முப்பது கணினியிலும் மீன்கள் நீந்துகிற ஸ்க்ரீன் சேவரைப் போட்டுவிட்டேன். 'எழுந்து போகும்போது மீன் ஓடட்டும், மின்சாரம் சேமிப்போம்' என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் என் கையாலேயே நோட்டீஸ் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லாரும் கடைப்பிடித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முப்பது திரையிலும் மீன் நீந்தும். எனக்கோ தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ கோளாறுக்காக ஒரு மேஜையின் ஒயரில் டாங் டெஸ்டரை மாட்டினேன். அந்த மேஜைக்காரர் டைப் செய்துகொண்டிருந்தார். முள் ஓரிடத்தில் நின்றது. அவர் டீ குடிக்கப் போனார், மீன் வந்தது. முள் அசையவே இல்லை. பக்கத்து மேஜையில் மாட்டினேன், அங்கேயும் அதே கதை. மானிட்டர் சுவிட்சை அணைத்தேன், அப்போதுதான் முள் பொத்தென்று விழுந்தது. திரையின் கண்ணாடியில் ஒரே உருவம் பதிந்து கெட்டுப்போகாமல் காப்பதற்காக வைத்த பெயராம் அது. மின்சாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நோட்டீஸை நானே கிழித்தேன். முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா ஒரு மாசமா மீனுக்குக் கரண்ட் குடுத்து வளர்த்திருக்கோம்" என்றார். அந்த நிறுவனத்தை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் என்னை 'மச்லிவாலி' என்றுதான் கூப்பிட்டார்கள். மீன்காரி. பெயரைப் பார்த்து நம்பாதே, அளந்து பார்த்து நம்பு என்பதை எனக்கு அந்தப் பட்டப்பெயர்தான் கற்றுக்கொடுத்தது. உங்களுக்கு இனாமாகத் தருகிறேன்.

இனி புனேவின் ஐ.டி. பகுதியான ஹிஞ்சேவாடிக்கு வருவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே ஒரு பெரிய நிறுவனத்தில் பராமரிப்புப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். நானூறு கணினிகள். எல்லாம் பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர், ஒவ்வொன்றும் ஒரு சூட்டடுப்பு. அவை ஒருநாளும் அணைந்ததில்லை. ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள், கணினி போகாது. கேட்டால் ஆளுக்கொரு காரணம். அணைத்து அணைத்துப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடுமாம். காலையில் எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆகுமாம். ஒருவர் என்னிடம், "அக்கா, என் மெஷின் மூணு மாசமா நிக்காம ஓடுது" என்று பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரிச் சொன்னார்.

அந்த ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தில் கரண்ட் வெட்டு கடுமையாக இருந்தது. பகலில் கரண்ட் போனால் எங்கள் ஜெனரேட்டர் எழுந்துகொள்ளும். அது மதிலோரத்தில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, முன்னால் ஒரு வேப்பமரம். கணினிகள் பெருகப் பெருக ஜெனரேட்டர் முக்கி முனகிக் கரும்புகை கக்க ஆரம்பித்தது. இரண்டாவது ஜெனரேட்டர் ஒன்றை அதே மதிலோரத்தில் வைப்பதென்று நிர்வாகம் முடிவு செய்தது. இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்ததே நான்தான்.

கோடு போட்ட மூன்றாம் நாள் அந்தப் பள்ளியின் ஆசிரியை எங்கள் வாசலுக்கு வந்தார். மராத்திப் பள்ளிகளில் ஆசிரியையைப் 'பாயி' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் பிள்ளைகளுக்கு மதியம் போடுகிற கிச்சடி. மஞ்சள் கிச்சடியின் மேல் மிளகுப்பொடி தூவினாற்போல் கரித்தூள்.

"தாயீ, நான் சண்டைக்கு வரல" என்றார் மராத்தியில். தாயீ என்றால் அக்கா. "உங்க மெஷின் ஓடும்போது நான் கத்தித்தான் பாடம் நடத்தறேன். கத்திட்டுப் போறேன், பரவாயில்ல. ஆனா சோத்துல விழுதே. இப்ப இன்னொண்ணு வரப்போகுதுன்னு உங்க வாட்ச்மேன் சொல்றாரு. வந்தா இந்த இடத்துல பள்ளிக்கூடம் நடத்த முடியாது. இந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது, நீங்களே சொல்லுங்க."

தட்டை வாங்கிக்கொண்டு, பார்க்கிறேன் பாயி என்றேன். அவர் போன பிறகு அந்தத் தட்டை என் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். வெட்கமாக இருந்தது. குளுகுளு அறைக்குள் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாமல், அவர்கள் அணைக்காமல் போன கணினியின் கரி ஒரு குழந்தையின் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

எங்கள் டெலிவரி ஹெட் கோயம்புத்தூர்க்காரர். வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரத்தில் மென்பொருளை ஒப்படைப்பது அவர் பொறுப்பு. நல்ல மனிதர், ஆனால் டெலிவரி என்று வந்துவிட்டால் கண்மண் தெரியாது. அவரிடம் போய்க் கணினிகளை மாலையில் அணைத்தால் இரண்டாவது ஜெனரேட்டரே தேவைப்படாது என்றேன்.

"ஏனுங்க மேடம், கரண்ட் போறது பகல்ல. நீங்க சாயங்காலம் அணைச்சா பகல் லோடு எப்படிங்க குறையும்?" என்றார்.

சரியான கேள்வி. என்னிடம் கணக்கு இல்லை, வயிற்றெரிச்சல்தான் இருந்தது. வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குள் போகாதீர்கள். அளவைக் கொண்டுபோங்கள். ஆனால் எப்படி அளப்பது? எதுவுமே அணையாத கட்டிடத்தில் எது எவ்வளவு தின்கிறது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வழி ஆயுத பூஜை ரூபத்தில் வந்தது. எங்களிடம் சென்னை, கோவை, மதுரை என்று நிறையத் தமிழ்ப் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். பக்கத்திலிருந்த வாகட் பகுதியில் அடுக்குமாடிகளில் குடியிருந்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் நவமியன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை வைத்துப் பூஜை செய்வார்கள். மராத்திக்காரர்களும் அன்றைக்கு ஆயுதங்களையும் கருவிகளையும் கும்பிடுகிறவர்கள் என்பதால் அவர்களும் செவ்வந்திப் பூவோடு சேர்ந்துகொள்வார்கள். சூடம் காட்டி முடித்ததும் நம் பிள்ளைகள் குங்குமம் வைத்த அதே கணினியில் உட்கார்ந்து வேலையைத் தொடர்வார்கள்.

அந்த ஆண்டு பூஜைக்கு நன்கொடை கேட்டு வந்தார்கள். நான் கேட்டேன்: "ஓடிக்கினு இருக்கிற மெஷினுக்கு எவனாவது பொட்டு வைப்பானா? எங்கப்பா டிப்போவுல லேத்துக்குப் பூஜை போட்டா, மெயினை எறக்கிட்டுத்தான் போடுவாங்க. மறுநாள் வரைக்கும் ஒரு திருப்புளியைக்கூடத் தொட மாட்டாங்க. நீங்க இன்னாடான்னா சாமிக்கு வெச்சதையே தட்டிக்கினு இருக்கீங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஊரில் அம்மா புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் தொட விடமாட்டாள் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாடப் புத்தகத்தைத் தொடாமல் இருக்க அந்த வயதில் எத்தனை பக்தி இருந்தது. "ஆமாங்க்கா, அணைக்கணும்தான்" என்றான் மதுரைப் பையன் ஒருவன். அதை அவர்களே டெலிவரி ஹெட்டிடம் போய்க் கேட்டார்கள். நான் கேட்டிருந்தால் துரத்தியிருப்பார். சாமி விஷயம், அவரும் விட்டுக்கொடுத்தார். தசரா மகாராஷ்டிரத்தில் விடுமுறை. ஆனால் அந்த ஆண்டு தசரா மாலைக்குள் அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஒரு மென்பொருளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதனால் நவமி பகல் மூன்று மணிக்கு நிறுத்தலாம், தசரா காலையில் எல்லாரும் வந்து இயக்கிவிட வேண்டும், வேறொரு நாள் விடுமுறை என்று ஏற்பாடானது. சர்வர் அறையைத் தொடக்கூடாது என்றார். அதற்கு வெளியே நின்று ஒரு கும்பிடு.

நவமி பகல் மூன்று மணிக்கு நானூறு கணினிகளும் அடங்கின. அக்டோபர் வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏசியையும் விளக்குகளையும் எப்போதும்போல ஓடவிட்டு, நானும் எங்கள் எலெக்ட்ரீஷியனும் மீட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவரை நான் பாவு என்று கூப்பிடுவேன், மராத்தியில் அண்ணன். வயதில் என்னைவிட இளையவர்தான், ஆனால் மீசை அப்படி.

கணினியின் பங்கு குறையும் என்று தெரியும். அதற்கும் மேலே குறைந்தது. ஏதோ தப்பு என்று மறுபடி பார்த்தேன். பாவு தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாயீ, மாடியில ஏசி கம்ப்ரசர் எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இத்தனை நாள் குளிரவைத்துக்கொண்டிருந்தது மனிதர்களை அல்ல, மானிட்டர்களை. கணினி ஒருமுறை மின்சாரம் தின்கிறது. அது விடுகிற சூட்டை வெளியே தள்ள ஏசி இன்னொரு முறை தின்கிறது. டெலிவரி ஹெட் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இரவெல்லாம் ஓடிய மானிட்டர்களால் காலையிலேயே கூடம் சூடேறிக் கிடக்கிறது. அந்தச் சூட்டை இறக்கத்தான் ஏசி பகல் முழுவதும் முக்குகிறது. சாப்பிடப் போகிறவனும் மீட்டிங் போகிறவனும் மானிட்டரை அணைக்காமல் போக, பகலிலும் சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது. எல்லா அளவையும் தேதி நேரம் போட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் டெலிவரி முடிந்ததும் நேராக ஹெட்டின் மேஜையில் வைத்துவிட வேண்டியதுதான் என்று உற்சாகமாக வீட்டுக்குப் போனேன்.

போகிற அவசரத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டுப் போனேன். அதுதான் வினையானது.

தசராவன்று காலை பத்தே கால் நல்ல நேரம் என்று பிள்ளைகள் ஊருக்கு போன் போட்டு விசாரித்து வைத்திருந்தார்கள். நான் அதை எல்லாருக்கும் எழுதினேன்: 'நாளை காலை சரியாகப் பத்தே காலுக்கு அனைவரும் ஒன்றாகக் கணினியை இயக்கித் தொடங்குவோம்.' அந்த 'ஒன்றாக' என்ற சொல்லை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நான் எலெக்ட்ரிகல் படித்தவள்.

மறுநாள் நானூறு பேரும் மேஜை முன் நின்றார்கள். புதுச் சட்டை, மல்லிகை, சாம்பிராணி வாசம். ஒருவர் கடிகாரம் பார்த்து எண்ணினார். பத்தே கால். நானூறு கை ஒரே நேரத்தில் சுவிட்சை அழுத்தின.

கண்ணாடிக் குழாய் மானிட்டர் எழும்போது ஒரு கணம் ஏராளமாக மின்சாரத்தை இழுக்கும். நானூறும் சேர்ந்து இழுத்தன. யு.பி.எஸ். ஒரு அலறு அலறி ஓய்ந்தது. பேனல் அறையில், சுமை மிஞ்சினால் தானே மின்சாரத்தை அறுத்துவிடும் பிரேக்கர் விழுந்த சத்தம் கூடத்துக்கே கேட்டது. திரைகள் ஒருமுறை மினுக்கி இருண்டன. சாம்பிராணிப் புகை மட்டும் மிச்சம்.

ஓடினேன். டெலிவரி ஹெட் பேனல் அறைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். "போடுங்க, போடுங்க, உடனே மேல தூக்குங்க. சாயங்காலம் டெலிவரிங்க" என்று பாவுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாவுவின் கை பிரேக்கரின் மேல் இருந்தது. கண் என் மேல் இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மேலதிகாரி பக்கத்தில் நின்று கத்தும்போது எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். சும்மா நிற்பதைவிடத் தப்பானதைச் செய்வது மேல் என்றுகூடத் தோன்றும். நான் ஒரே ஒரு விஷயத்தை யோசித்தேன். விழுந்த காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறதா? இருந்தது. நானூறு சுவிட்சும் அழுத்தியபடியே இருந்தன. தூக்கினால் மறுபடி விழும். யு.பி.எஸ். எரிந்தால் அன்றைய டெலிவரி மட்டுமல்ல, அந்த வாரமே போய்விடும்.

"பாவு, கையை எடு" என்றேன். ஹெட்டிடம், "சார், மொதல்ல எல்லாத்தையும் அணைக்கணும். அப்புறம் வரிசை வரிசையா ஏத்தணும். ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

"ஒரு மணி நேரமா? இதுக்குத்தானுங்க நான் அணைக்கவே வேண்டாம்னு சொன்னேன்" என்றார். அவர் வேலையும்தான் அன்றைக்குக் கத்தி முனையில் இருந்தது.

கூடத்துக்கு வந்து எல்லாரும் சுவிட்சை அணையுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. நல்ல நேரத்தில் போட்ட சுவிட்சை உடனே அணைப்பது அபசகுனம் என்று முணுமுணுப்பு. "பத்தரையோட நல்ல நேரம் முடியுதுக்கா. அதுக்கப்புறம் எமகண்டம்" என்றான் அந்த மதுரைப் பையனே. நான் மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். படித்த பிள்ளைகள், சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கல்லாக நின்றார்கள்.

பின்னாலிருந்து பாவு மெதுவாகச் சொன்னார். "தாயீ, இவங்க ஏன் கடிகாரம் பார்க்கறாங்க? தசரா மூணரை முகூர்த்தத்துல ஒண்ணு. இன்னிக்கு நாள் பூரா நல்ல நேரம்தான். எங்க ஆளுங்க எந்த நேரத்துலயும் கடை திறப்பாங்க."

பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு அது தெரியாமலா? வருஷத்தில் மூன்றரை நாட்களுக்குப் பஞ்சாங்கமே பார்க்க வேண்டாம், நாள் முழுவதும் சுபம் என்பது மராத்தியர் வழக்கம். தசரா அதில் ஒன்று. ஆனால் பதற்றத்தில் எனக்கு என் ஊரே மறந்துபோயிருந்தது. ஒரு நாற்காலியில் ஏறினேன்.

"எல்லாரும் கேளுங்க. நீங்க நிக்கிறது மகாராஷ்டிரா. இங்க இருக்கிற சாமிக்கு இந்த ஊரு கணக்குதான் தெரியும். இன்னிக்கு விடியறதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் நல்ல நேரம். எமகண்டத்துக்கு இன்னிக்கு இங்க லீவு. ஜன்னல் பக்கத்து வரிசைக்கு மொதல் முகூர்த்தம், நடு வரிசைக்கு ரெண்டாவது, சுவத்துப் பக்கம் மூணாவது. அந்தக் கோடியில இருக்கிற அரை வரிசைக்கு அரை முகூர்த்தம். கணக்கு சரியா இருக்குதா? இப்ப அணைங்க."

முதலில் மராத்திப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். நானூறு சுவிட்சும் அணைந்தன. பாவு யு.பி.எஸ்.ஸைச் சோதித்துப் பிரேக்கரைத் தூக்கினார். வரிசைக்குள்ளும் பத்துப் பத்துப் பேராக ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் டாங் டெஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பத்துக்குத் தலையாட்டினேன். கோடியில் இருந்த அரை வரிசை எழுந்தபோது மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. டெலிவரி மாலையில் போய்ச் சேர்ந்தது. நூலிழையில்தான்.

மறுநாள் கூட்டம். டெலிவரி ஹெட் ஆரம்பித்தார். "அணைச்சதாலதானுங்க இத்தனையும். ரெண்டாவது ஜெனரேட்டருக்கு இன்னிக்கே ஆர்டர் போட்டுடலாமுங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பாயியின் தட்டு கண்முன் வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் இருக்குமா போகுமா என்பது இனி நான் வாயைத் திறப்பதில் இருந்தது.

"அணைச்சது தப்பில்ல சார். ஒண்ணா போட்டதுதான் தப்பு. ஒண்ணா போடச் சொல்லி மெயில் அனுப்பினது நான். அது எலெக்ட்ரிகல் படிச்சவ செய்யக் கூடாத தப்பு, அதுக்கு என்ன நடவடிக்கையோ எடுங்க. ஆனா என் தப்புக்குப் பக்கத்து ஸ்கூலுக்குத் தண்டனை குடுக்காதீங்க" என்றேன். நவமி பகலில் எழுதின அளவுகளை மேஜையில் வைத்தேன். கம்ப்ரசர் எழவில்லை என்பதையும் ஏன் எழவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் தாளை வரி வரியாகப் பார்த்தார். கணக்கு தெரிந்த மனிதர். "ஒரு மாசம் குடுக்கறனுங்க. ஒரு மாசத்துல ஒருக்கா விழுந்தாலும் நான் ஆர்டர் போட்டுருவேன்" என்றார்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. மாலை கம்பெனி வண்டிகள் கிளம்புமுன் வரிசை வரிசையாக நடந்து, அணைக்காத மானிட்டர்களை அணைத்தேன். ஒருவர் சுவிட்சின் மேலேயே டேப் ஒட்டிவைத்தார். உரித்தேன். மறுநாள் இரண்டு டேப். அதையும் உரித்து அவர் நாற்காலியில் ஒட்டினேன். இரவில் உண்மையாகவே ஓட வேண்டிய வேலை இருப்பவர்கள் எனக்கு எழுதிக்கொடுத்தால் போதும், கணினி ஓடட்டும், மானிட்டர் மட்டும் அணையட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். கேட்டவர்கள் சொற்பம். சாப்பிடப் போகும்போது மானிட்டரை அணைப்பது இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டது. காலையில் வரிசைப்படி முகூர்த்தம். புதிதாகச் சேர்கிறவரிடம் 'உனக்கு எந்த முகூர்த்தம்?' என்று கேட்பது அந்த அலுவலகத்தின் வழக்கமாகவே ஆனது. அரை முகூர்த்தக்காரர்கள் தாமதமாக வந்தால் யாரும் குறை சொல்வதில்லை என்பதால் அந்த வரிசைக்குப் போட்டி.

அந்த மாதத்தில் கரண்ட் போகாத நாள் குறைவு. ஒவ்வொரு முறையும் நானும் பாவுவும் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றோம். ஒருமுறைகூட விழவில்லை. மாதக் கடைசியில் முழுக் கூடத்தையும் அது முனகாமல் இழுத்தது. ஹெட் தானே மதிலோரத்துக்கு வந்து நின்று பார்த்தார். புகையைப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் தெரிந்த ஓட்டுக் கூரையைப் பார்த்தார். அவர் அதற்கு முன் அந்தப் பக்கமே வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

"சரிங்க, ரெண்டாவது வேண்டாம்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல ஊழியர். ஆனால் நான் தேஹு ரோட்டுக்காரி. "சார், ஒண்ணுதான்னா அதை இங்கயே வெக்கணும்னு இல்ல. ரெண்டுக்குத்தான் இங்க இடம் வேணும். ஒண்ணு ரோட்டுப் பக்கம் முன்னாடியே அடங்கிடும். காத்தும் பள்ளிக்கூடத்துப் பக்கம் அடிக்காது" என்றேன்.

"முன்னாடி எங்கீங்க இடம்?"

"உங்க கார் நிக்கிற இடம் சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மரத்தடியில நிறுத்திக்கறனுங்க" என்றார். கோடை விடுமுறையில் ஜெனரேட்டரை இடம் மாற்றினோம். சத்தம் அடங்க அதைச் சுற்றி ஒரு கூண்டு கட்டி, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு நான் வேறு நிறுவனங்களில் இதைவிடப் பெரிய வேலைகள் செய்திருக்கிறேன். தட்டைத் திரைகள் வந்தன, தாமாகத் தூங்கும் கணினிகள் வந்தன. மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எதுவும் இந்த ஒன்றுக்கு ஈடாகவில்லை. பூமியைக் காப்பாற்றினேன் என்று நான் சொல்ல மாட்டேன், அது பெரியவர்கள் மேடையில் பேசுகிற பேச்சு. ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நான் செய்தேன்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம். பகல் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் வந்து, பாயி வந்திருக்கிறார் என்றார். மறுபடி என்ன விழுந்துவிட்டதோ என்று ஓடினேன். பாயியின் கையில் தட்டு இல்லை. முகத்தில் கவலை இருந்தது.

"தாயீ, கரண்ட் போச்சு, உங்க பக்கம் சத்தமே இல்லையே. கம்பெனியை மூடிட்டாங்களா?" என்றார். "எங்க பிள்ளைகளோட அம்மாங்க ரெண்டு பேர் உங்ககிட்டதான் கூட்டிப் பெருக்கற வேலை கேட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"மூடல பாயி. நானூறு பேரும் உள்ளதான் வேலை பாக்கறாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கூடத்தைக் காட்டினேன். நானூறு தலைகள், நானூறு திரைகள். அவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் பாடம் நடத்தப் போனார்.

நான் மதிலோரத்துக்குப் போய் நின்றேன். கரண்ட் இன்னும் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் மராத்தியில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் கரண்ட் போன வேளையில் அவர்கள் குரல் எங்களுக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினேழாம் வாய்ப்பாட்டில் எல்லாரும் சேர்ந்து தடுக்கினார்கள். பாயி கத்தாமல், சாதாரணக் குரலில், திருத்திக்கொடுத்தார்.